பில் அனுப்புவது ஒருவர், ரோடு போடுவது வேறொருவர்

கேள்வி: லண்டன் ஓரத்து டோல்வொர்த்தில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு எப்சமில் வீடு வாங்கி வந்திருக்கிறோம். அங்கே எல்லாவற்றுக்கும் கிங்ஸ்டன் கவுன்சில்தான். இங்கே கவுன்சில் டேக்ஸ் (வீட்டு வரி) பில்லில் இரண்டு மூன்று பெயர்கள் இருக்கின்றன. வாசலில் ரோடு பள்ளமாகக் கிடக்கிறது, யாரிடம் சொல்வது? மகளின் செகண்டரி ஸ்கூல் விண்ணப்பத்தை எங்கே போடுவது? பழைய விலாசத்திலும் ‘சர்ரே’ என்றுதானே எழுதினோம்?

பதில்: பில்லின் தலைப்பில் எப்சம் அண்ட் யூவெல் பரோ கவுன்சில் (உள்ளூர் நகராட்சி மாதிரி) என்று இருக்கும். அதை விட்டுவிட்டு, கீழே பணம் பிரித்துக் காட்டியிருக்கும் கட்டத்தைப் பாருங்கள். பெரும்பங்கு சர்ரே கவுண்டி கவுன்சிலுக்கு (எப்சம் இருக்கும் மாவட்டத்தின் நிர்வாகம்) போகிறது. போலீசுக்கு ஒரு பங்கு. வசூலித்துக் கொடுக்கும் பரோவுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

பள்ளம், தெருவிளக்கு, லைப்ரரி, பள்ளி இடம், முதியோர் பராமரிப்பு எல்லாம் கவுண்டியின் பொறுப்பு. வாராவாரம் குப்பை எடுப்பது, பிளானிங் பெர்மிஷன், வாக்காளர் பட்டியல் ஆகியவை பரோவிடம்.

விண்ணப்பத்தை, வீடு எந்தக் கவுன்சிலின் எல்லையில் இருக்கிறதோ அங்கேதான் போட வேண்டும். கிங்ஸ்டனில் உள்ள, நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் டிஃபின் பெண்கள் பள்ளி மேல் கண் இருந்தாலும் (நம் ஆட்களுக்கு இல்லாமல் இருக்குமா!) படிவம் சர்ரே கவுண்டிக்குத்தான். கடைசி நாள் அக்டோபர் 31. நுழைவுத் தேர்வுக்குப் பெயர் கொடுப்பது தனி. அதைப் பள்ளியிலேயே, கோடையிலேயே முடித்திருக்க வேண்டும்.

விலாசக் குழப்பத்துக்கு வயது அறுபது. சர்ரே கவுண்டி கவுன்சில் 1889-இல் தொடங்கியது. 1893-இல் கிங்ஸ்டனில் பெரிய அலுவலகம் கட்டிக்கொண்டது. 1965-இல் கிங்ஸ்டன், சட்டன், குரோய்டன் எல்லாம் லண்டனோடு சேர்ந்துவிட்டன. எப்சம் லண்டனுக்குள் போகாமல் தப்பியது. கவுண்டி அலுவலகமோ அரை நூற்றாண்டுக்கு மேல் தன் எல்லைக்கு வெளியே கிங்ஸ்டனிலேயே உட்கார்ந்திருந்தது! இந்தச் சில வருடங்களில்தான் ரைகேட்டுக்குக் குடிபோனது. டோல்வொர்த்தில் நீங்கள் எழுதிய ‘சர்ரே’ வெறும் தபால் பழக்கம். நிர்வாகத்தில் அது லண்டன்.

இந்த இரட்டை ஏற்பாடும் ரொம்ப நாள் நீடிக்காது. கவுண்டி கவுன்சிலையும் அதன் கீழுள்ள 11 கவுன்சில்களையும் கலைத்து, கிழக்கு சர்ரே, மேற்கு சர்ரே என்று இரண்டே கவுன்சில்களாக்க அரசு முடிவெடுத்துவிட்டது. 2027 ஏப்ரலில் எப்சம் கிழக்கோடு சேர வேண்டும். அதுவரை காத்திருக்காமல் பள்ளத்தைப் படமெடுத்து, கவுண்டியின் இணையதளத்தில் இன்றே புகார் பதியுங்கள். அவர்கள் தரும் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.