பரம்பரையும் உடல் எடையும்: திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (ஆசிரியை, உப்புவெளி): அம்மாவும் சித்திமாரும் பருத்த உடல்வாகு கொண்டவர்கள். எனக்கும் முப்பது வயதுக்குப் பிறகு எடை ஏறிக்கொண்டே போகிறது. இது பரம்பரை என்றால் சாப்பாட்டைக் கட்டுப்படுத்துவதில் பயன் உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. பரம்பரையின் பங்கு சிறியதன்று என்பது உண்மைதான். வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையர்களையும் உள்ளடக்கி 1990 இல் வெளியான ஓர் ஆய்வு, மனிதர்களிடையே காணப்படும் பருமன் வேறுபாட்டில் ஏறத்தாழ 70 சதவீதம் பரம்பரையைச் சார்ந்தது என்று கணித்தது. ஆனால் அந்த எண் ஒரு சமூகத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைக் குறிக்கிறதே தவிர, உங்கள் எடையில் 70 சதவீதம் உங்கள் கைக்கு அப்பாற்பட்டது என்று சொல்லவில்லை.

2007 இல் இனங்காணப்பட்ட எஃப்.ரி.ஓ. என்ற மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பருமன் சார்ந்த வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற ஐரோப்பியர்கள், அதைப் பெறாதவர்களை விடச் சராசரியாக 3 கிலோ அளவே கூடுதலாக இருந்தார்கள். இத்தகைய மரபணுக்களிற் பல, கொழுப்பை எரிக்கும் வேகத்தை விட மூளையில் பசியை ஆளும் பகுதியிலேயே கூடுதலாகச் செயற்படுகின்றன. ஒரே மேசையில் இருவர் இடியப்பம் சாப்பிடும்போது, ஒருவருக்கு நான்காவதுடன் போதும் என்று தோன்றுகிறது. மற்றவரோ ஏழாவது முடிந்த பின்னும் தட்டைப் பார்க்கிறார். அவரைப் பேராசைக்காரர் என்று சொல்வது அநியாயம். எஃப்.ரி.ஓ. வடிவத்தைக் கொண்டவர்களும் உணவுக் கட்டுப்பாட்டாலும் உடற்பயிற்சியாலும் மற்றவர்களைப் போலவே எடை குறைக்கிறார்கள் என்பதை, 9,000க்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்த 2016 ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

கேள்வி (வங்கி ஊழியர், திருகோணமலை நகர்): எனக்கு வயது 42. அனுசேபம் (உடல் சக்தியைச் செலவிடும் வேகம்) மந்தமானதால்தான் வயிறு வைக்கிறதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. 2021 இல் வெளியான பெரிய ஆய்வொன்றின்படி, உடல் அளவைக் கணக்கிலெடுத்துப் பார்த்தால், 20 முதல் 60 வயது வரை சக்திச் செலவு ஏறத்தாழ மாறாமலே இருக்கிறது. நடை, உறக்கம், மாலைத் தேத்தண்ணியோடு வரும் ரோல்ஸ், பணிஸ் ஆகியவற்றை முதலில் பாருங்கள். களைப்பும் மலச்சிக்கலும் சேர்ந்திருந்தால் தைரொயிட் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி (குடும்பத் தலைவி, நிலாவெளி): நாள்தோறும் கடற்கரையில் நடந்து, இரவுச் சோற்றை விட்டு, 11 கிலோ குறைத்தேன். ஒரு வருடத்துக்குள் அவ்வளவும் திரும்பிவிட்டது. என் மனவுறுதி போதவில்லையா?

பதில்: அம்மா, தயவுசெய்து உங்களையே குறை சொல்லாதீர்கள். கொழுப்புக் கலங்கள் லெப்டின் என்ற ஓமோனைச் சுரக்கின்றன. அது 1994 இல் நியூயோர்க்கின் ரொக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்டது. கொழுப்புக் குறைந்தால் லெப்டினும் குறைகிறது. மூளை அதைப் பஞ்சம் வந்ததாகவே எடுத்துக்கொண்டு, பசியைக் கூட்டி, சக்திச் செலவைக் குறைக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் மிக வேகமாக எடை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டுகளின் பின் ஆராய்ந்தபோது, ஓய்வு நிலையில் அவர்கள் உடல் செலவிட்ட சக்தி, எதிர்பார்க்கத்தக்க அளவை விட நாளொன்றுக்குச் சராசரியாக 500 கலோரி குறைவாகவே இருந்தது. அது மிகக் கடுமையான உதாரணம். உங்களுக்கு அந்த அளவு நேர்ந்திருக்காது. ஆனாலும் எடை குறைந்த பின் வரும் காலமே கடினமானது என்பதால், அடுத்த முறை மெதுவாகக் குறையுங்கள். இரவில் சோற்றை முழுவதும் விடுவதை விட, அளவைக் குறைத்து மீனையும் பருப்பையும் கூட்டுங்கள். எண்ணிய எடை வந்தவுடன் நடையை நிறுத்தாதீர்கள்.

கேள்வி (மாணவர், கன்னியா): மரபணுப் பரிசோதனை செய்து அதற்கேற்ற உணவுமுறையைத் தருவதாக விளம்பரங்கள் வருகின்றன. நம்பலாமா?

பதில்: அந்தப் பணத்தைச் சேமியுங்கள். ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 609 பேரைக் கொண்டு நடத்தி 2018 இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பைக் குறைத்தவர்களும் மாச்சத்தைக் குறைத்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவே மெலிந்தார்கள். யாருக்கு எது பொருந்தும் என்பதை மரபணு வடிவத்தால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

கேள்வி (தாய், மூதூர்): என் மகனுக்கு நான்கு வயது. எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்குவதில்லை. தலையணைக்கு அடியில் பாண் துண்டை ஒளித்து வைக்கிறான். எடையும் மிக வேகமாக ஏறுகிறது. நானும் கணவரும் மச்சாள், மச்சான் முறையில் மணந்தவர்கள்.

பதில்: இந்தக் கேள்வியை மற்றவற்றிலிருந்து வேறாகவே பார்க்கிறேன். ஐந்து வயதுக்கு முன் தொடங்கும் கடும் பருமனும் அடங்காப் பசியும் சேர்ந்திருந்தால், ஒரே ஒரு மரபணுவின் பழுதே காரணமாக இருக்கக்கூடும். இத்தகைய பழுதுகள் அரியவை. அவற்றுள் அதிகம் காணப்படுவது எம்.சி.4.ஆர். மரபணுவில் நிகழ்வது. வேறு சிலவற்றில், பெற்றோர் இருவரும் பழுதடைந்த பிரதியைக் கொடுத்தால்தான் நோய் வரும். இரத்த உறவில் மணந்த குடும்பங்களில் அதற்கான வாய்ப்புக் கூடுகிறது. 1997 இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் விவரித்த, பாகிஸ்தானியப் பூர்வீகம் கொண்ட இரு பிள்ளைகளுக்கு லெப்டினே சுரக்கவில்லை. அவர்களுள் ஒரு சிறுமி எட்டு வயதில் 86 கிலோ இருந்தாள். பின்னர் லெப்டின் ஊசி கொடுத்ததும் அவளது பசி அடங்கி எடை இறங்கியது.

உங்கள் மகனுக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிறந்ததிலிருந்து எடை குறித்துவரும் கிளினிக் கார்டை எடுத்துக்கொண்டு பிள்ளைநல மருத்துவரிடம் விரைவில் போங்கள். மணமுறையையும், பிறந்தபோது தளர்ந்திருந்தானா, பால் குடிக்கச் சிரமப்பட்டானா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். அதுவரை, பாணை ஒளித்ததற்காக அவனை அடிக்கவோ, மற்றப் பிள்ளைகளின் முன் ஏசவோ வேண்டாம்.