புளியமரத்தில் செயின் பிளாக் வேண்டாம்

கேள்வி: பழைய மாருதி ஆம்னி வேனுக்குள் கட்டில், அடுப்பு எல்லாம் வைத்து வால்பாறை, ஊட்டி என்று சுற்றிக்கொண்டிருந்தோம். இப்போது புகை தள்ளுகிறது, இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். தோட்டத்துச் சாளையிலேயே நானும் மச்சானும் புளியமரக் கிளையில் செயின் பிளாக் மாட்டித் தூக்கிவிடலாமுங்களா?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: மரத்தை விட்டுவிடுங்கள். ஆம்னியில் முன்சீட்டைத் தூக்கினால் இன்ஜின் தெரியும், ஆனால் அந்த வழியாக வராது. கியர்பாக்ஸோடு சேர்த்துக் கீழேதான் இறக்க வேண்டும். அதனால் நீங்கள் பயப்பட வேண்டியது தலைக்கு மேலே நிற்கும் வண்டிக்குத்தான்.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. தண்ணி பாய்ந்த மண்ணில் ஜாக்கி ஒருபக்கமாக இறங்கும், ஆகவே சிமென்ட் களம் இருந்தால் வண்டியை அங்கே தள்ளிவிடுங்கள். முட்டுக்கு இரும்பு ஸ்டாண்ட் வாடகைக்கு எடுங்கள். நம் பக்கம் வீட்டுக்கு வீடு மிச்சம் கிடக்கிற ஹாலோ பிளாக்கை வைத்துவிடாதீர்கள், தாங்குவது போலவே நின்றுவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கும் போடுங்கள். கியரில்தானே நிற்கிறது என்று இருந்துவிடக் கூடாது. கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்தைச் சுழற்றும் நீளத் தண்டான ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் கியருக்கும் பின்சக்கரத்துக்கும் சம்பந்தமே இல்லை, வண்டி உருளும்.

வீடு மாதிரி மாற்றிய வண்டி என்பதால் முதல் வேலை கேஸ் சிலிண்டரை வெளியே எடுப்பது. லைட்டுக்குத் தனி பேட்டரி வைத்திருந்தால் இரண்டிலுமே நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். பெட்ரோல் ஹோஸை எடுக்கும்போது கொஞ்சமாவது ஒழுகும், மச்சானின் பீடி தூரத்தில் இருக்கட்டும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடி. ரேடியேட்டரில் இருக்கும் கூலன்ட் திரவம் இனிப்பாக இருக்கும், நாயோ ஆட்டுக்குட்டியோ நக்கினால் உயிருக்கே ஆபத்து, பாத்திரத்தில் பிடித்து மூடிவிடுங்கள்.

அப்புறம், இன்ஜினுக்கு ஒரு ட்ராலி ஜாக்கி, கியர்பாக்ஸுக்கு இன்னொன்று முட்டுக் கொடுத்த பிறகே, இன்ஜினை வண்டியோடு பிடித்திருக்கும் கடைசி மவுண்டிங் போல்ட்டைக் கழற்றுங்கள். ஒரு சாண் இறங்கியதும் நிறுத்தி, ஆக்சிலரேட்டர் கேபிளோ வயரோ இழுபடுகிறதா என்று பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், கையை உள்ளே விடாதீர்கள்.

பழையது தேறாமல் கோவை உக்கடத்தில் வேறு இன்ஜின் வாங்கினால் பில் வாங்கிக்கொண்டு, ஆர்.டி.ஓ. ஆபீசில் புது நம்பரை ஆர்.சி.யில் ஏற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் எஃப்.சி.க்குப் போகும்போது மாட்டும்.