யாருக்கும் கேட்காமல் பேச ஓரிடம்

வணக்கம்.

நான் திண்டுக்கல் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணித ஆசிரியர். மகள் கோவையில் விடுதியில் தங்கிப் பொறியியல் இரண்டாமாண்டு படிக்கிறாள். போன செமஸ்டர் லீவுக்கு வந்தவள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, என்னவென்று கேட்டால் அழுகை. தெரிந்தவர் மூலம் ஆன்லைனில் ஒரு மனநல ஆலோசகரை ஏற்பாடு செய்தேன். வாரம் ஒருமுறை வீடியோவில் பேசினாள். ஹாலில் அவள் பேசும்போது நாங்கள் யாரும் குறுக்கிடவில்லை, டிவி சத்தத்தைக்கூடக் குறைத்துவைத்தோம். மூன்றாவது வாரத்தோடு, "வேண்டாம்ப்பா, நான் சொல்றது அவங்களுக்குப் புரியல" என்று நிறுத்திவிட்டாள்.

இப்போது இரவில் ஏதோ ஏஐ செயலியோடு பேசுகிறாளாம். அம்மாவிடம் அவளே சொல்லியிருக்கிறாள். "அதுக்குப் புரியற அளவுக்கு என்னை யாருக்கும் புரியல" என்றாளாம். எனக்குப் பயமாக இருக்கிறது. பிள்ளைகளின் மனம் கெடுவதற்கு மூலமே போன்தான் என்று நினைக்கிறேன். அதே போன் வழியாக வைத்தியம் எப்படி நடக்கும்? போனை வாங்கி வைத்துவிடலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

*

அன்புள்ள ஆசிரியருக்கு,

போனை வாங்கி வைக்காதீர்கள். செயலியோடு பேசுவதை மகளே அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். போனைப் பிடுங்கினால் அந்தச் சொல்வதும் நின்றுபோகும். இப்போது உங்கள் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

உங்கள் கடிதத்தில் ஹாலைப் பற்றிய வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் அக்கறையோடு செய்த காரியம் அது, அதில் சந்தேகமில்லை. ஆனால் டிவி சத்தம் குறைந்த வீட்டில் அவள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் சமையலறை வரைக்கும் கேட்டிருக்கும். விடுதியில் நடந்ததை, ஒரு நட்பு முறிந்ததை, அரியர் விழுந்ததை, ஒருவேளை உங்களைப் பற்றியே ஒரு வருத்தத்தை, அங்கே உட்கார்ந்து எந்தப் பிள்ளை சொல்லும்? அவள் சொல்லியிருக்கக்கூடியது பாதி, ஆலோசகர் கேட்டதும் அந்தப் பாதிதான். புரியவில்லை என்று அவள் சொன்னது உண்மையாகவே இருக்கலாம்.

நேரில் வருபவருக்கு ஆலோசகர் முதலில் தருவது ஒரு மூடிய கதவு. கொரோனா ஊரடங்கில் ஆலோசனை வீடியோவுக்கும் போனுக்கும் மாறியபோது அந்தக் கதவைத் தேடிக்கொள்ளும் பொறுப்பு வருபவரின் தலையில் விழுந்தது. நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தனியறை இருக்கிறது? மொட்டை மாடியில் நின்று பேசியவர்கள் உண்டு, நிறுத்திவைத்த காருக்குள் பேசியவர்கள் உண்டு, குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் பேசியவர்களும் உண்டு. அதனால்தான் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஆன்லைனில் ஒவ்வொரு முறையும், "இப்போ எங்கே இருக்கீங்க, பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார். யாராவது அறைக்குள் வந்தால் எப்படிப் பேச்சை மாற்றுவது என்பதைக்கூட முன்பே பேசி வைத்துக்கொள்வார்கள். உங்கள் மகளிடம் அப்படி யாரும் கேட்டார்களா தெரியவில்லை. விசாரியுங்கள்.

இப்போது அந்தச் செயலி. தட்டச்சு செய்தால் சத்தம் வராது. அவளை அங்கே இழுத்ததில் பெரும் பங்கு இதற்கு உண்டு என்று நினைக்கிறேன். இது இன்றைய பிள்ளைகளின் பழக்கம் மட்டும் அல்ல. அமெரிக்காவின் எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர் 1966இல் எலைசா என்ற கணினி நிரலைப் பற்றி எழுதினார். மனநல மருத்துவர்போல, நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் எளிய நிரல் அது. மாதக்கணக்கில் அவர் அதை எழுதுவதை உடனிருந்து பார்த்தவர் அவருடைய செயலாளர். அது வெறும் நிரல் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒருநாள் அதனோடு உரையாட உட்கார்ந்தவர், சில வரிகளுக்குள் திரும்பி, வைசன்பாமை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார். எந்திரத்துக்கு உள்ளம் உண்டு என்று அவர் நம்பினாரா என்பதைவிட, தனியாகப் பேச ஓரிடம் வேண்டும் என்று அவர் நினைத்ததே எனக்கு முக்கியமாகப் படுகிறது. வைசன்பாம் இதில் கலங்கிப்போய், பிற்காலத்தில் செயற்கை நுண்ணறிவுத் துறையின் கடுமையான விமர்சகர் ஆனார்.

இன்றைய செயலிகள் எலைசாவைவிட எவ்வளவோ நன்றாகப் பேசுகின்றன. அதுவே என் கவலை. அவை பெரும்பாலும் நாம் சொல்வதை ஒட்டியே போகும். "எல்லாருக்கும் நான் பாரம்" என்று இரவு இரண்டு மணிக்கு எழுதினால் கனிவாக ஆறுதல் வரும். அவள் மெலிந்திருப்பதோ மூன்று நாளாக வகுப்புக்குப் போகாததோ அதற்குத் தெரியாது. விடுதிக் காப்பாளரை அழைக்காது. தவறாகச் சொல்லிவிட்டால் பதில் சொல்ல ஆளில்லை. 2023இல் அமெரிக்காவின் தேசிய உணவுக் கோளாறுகள் சங்கம் தன் தளத்தில் வைத்திருந்த உரையாடல் நிரலை நீக்க வேண்டி வந்தது. சாப்பாட்டையே பகையாகப் பார்த்து உதவி தேடி வந்தவர்களுக்கு அது எடைக் குறைப்பு யோசனை சொன்னது. உங்கள் மகளும் சரியாகச் சாப்பிடவில்லை என்று எழுதியிருப்பதால் இதைச் சொல்கிறேன்.

திரை வழியாக வைத்தியம் நடக்குமா என்றால், நடக்கும். நம் புதுக்கோட்டையிலேயே நடந்திருக்கிறது. சென்னையில் மனநலத்துக்காக இயங்கும் ஸ்கார்ஃப் தொண்டு நிறுவனம் 2010 வாக்கில் அந்த மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பத் தொடங்கியது. மனநல மருத்துவரே இல்லாத ஊர்களில், மனச்சிதைவு போன்ற கடும் நோயுள்ளவர்கள் பேருந்துக்குள் அமர்ந்து சென்னையில் இருக்கும் மருத்துவரோடு திரையில் பேசினார்கள். மாத்திரையும் அங்கேயே கொடுத்தார்கள். கவனியுங்கள், பேருந்துக்குள் நோயாளியின் பக்கத்தில் உள்ளூர்க் களப்பணியாளர் இருந்தார், திரையின் அந்தப் பக்கம் மருத்துவர் இருந்தார். உங்கள் மகளின் செயலியில் அந்தப் பக்கம் யாருமில்லை.

போன்தான் மூலம் என்பதையும் அவ்வளவு உறுதியாக நான் சொல்லமாட்டேன். தூக்கத்தை அது தின்கிறது, தூக்கம் கெட்டால் மனம் கெடும், அதுவரை சரி. மற்றதை அவள் வாயால்தான் கேட்க வேண்டும்.

அவள் சம்மதித்தால் அதே ஆலோசகரிடம் இன்னொரு முறை பேசலாம், ஆனால் வீட்டில் வேண்டாம். வீடியோவும் தேவையில்லை. கல்லூரி மைதானத்தில் நடந்தபடி காதில் போனை வைத்துப் பேசினாலே போதும். முகத்தைப் பார்க்காதபோது சிலருக்குப் பேச்சு எளிதாக வருகிறது. அவர் தன்னை மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொண்டால் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். குறிப்புகளை எங்கே, எப்படிச் சேமிக்கிறார் என்றும் கேளுங்கள். பின்லாந்தில் வஸ்தாமோ என்ற உளசிகிச்சை நிறுவனத்தின் கணினியிலிருந்து சுமார் 33,000 பேரின் பதிவுகள் திருடப்பட்டன. 2020இல் நோயாளிகளுக்கே தனித்தனியாக மிரட்டல் வந்தது, 200 யூரோ தராவிட்டால் உன் ரகசியங்களை வெளியிடுவேன் என்று. அவர்களில் பலர் நேரில் போய், மூடிய அறைக்குள் பேசியவர்கள். நம் நாட்டிலும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காக்கப்படுவதை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. ஆகவே தயங்காமல் கேட்கலாம்.

கடைசியாக, இதைத் தள்ளிப்போடாதீர்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று அவளிடம் நேராகவே கேளுங்கள், நீங்களோ அம்மாவோ. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாமல் உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசியின் எண் 14416, இரவும் பகலும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அவளுக்காகக் காத்திராமல் நீங்களே இன்று அழைத்துப் பேசுங்கள். பெற்றோரிடமும் பேசுவார்கள்.