பிப்ரவரி 22 அன்று பிறந்த தென்னாப்பிரிக்கத் தமிழர் யார்?

தில்லையாடி வள்ளியம்மை. எங்கள் வீட்டு நாட்காட்டியில் அந்தத் தேதியை அம்மா சிவப்பு மையால் வட்டமிட்டு வைப்பார். அன்று காலை விளக்கேற்றிய பிறகுதான் தேநீர்.

1898-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். தமிழ்நாட்டிலுள்ள தில்லையாடி அவருடைய தாயாரின் ஊர். 1913-இல் இந்து, இஸ்லாமிய முறைத் திருமணங்கள் செல்லாது என்ற தீர்ப்பையும் இந்தியர்கள் மீதான 3 பவுண்டு தலைவரியையும் எதிர்த்துக் காந்தி அங்கே நடத்திய போராட்டத்தில் இறங்கி, மாரிட்ஸ்பர்க் சிறைக்குப் போனார். கடும் காய்ச்சலுடன் வெளியே வந்தார். சிறை சென்றதற்கு வருந்துகிறாயா என்று காந்தி கேட்டபோது, மறுபடியும் போகத் தயார் என்றார், படுக்கையில் கிடந்தபடியே!

1914-இல், தம் 16-வது பிறந்தநாளன்றே இறந்தார். பிராம்ஃபான்டெய்ன் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய நினைவிடம் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் போனால் ஒரு முழம் பூவோடு போய்ப் பாருங்கள்.