ரெட் வைன் குடித்தால் துவர்ப்பும் எரிச்சலும்தான் தெரிகிறது. சின்னத் தோட்டத்து நல்ல வைனை எப்படி ரசிப்பது?

கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டில் போடும் இனிப்பு வைனே பழக்கம், விலை கொடுத்து வாங்கிய பாட்டில் பிடிபடவில்லை என்று கம்பத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் வைனின் சூடுதான்.

ரெட் வைனை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்பார்களே, அது ஐரோப்பாவின் குளிர்ந்த அறை. 16 முதல் 18 டிகிரி. நம் பக்கம் கோடையில் வீட்டுக்குள்ளேயே 30-ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் மூக்கில் ஏறி, பழ வாசனையை அமுக்கிவிடும். ஐஸும் தண்ணீரும் சரிபாதி போட்ட வாளியில் பாட்டிலைக் கழுத்துவரை இறக்கி 15 நிமிடம் வையுங்கள். வெறும் ஐஸ் போதாது. தண்ணீர் இருந்தால்தான் பாட்டிலைச் சுற்றிலும் குளிர் ஒட்டும். ஃப்ரிட்ஜ் என்றால் இன்னும் அதிக நேரம் பிடிக்கும். இரவு முழுக்க உள்ளே இருந்ததை அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு ஊற்றுங்கள், அதிகக் குளிரில் துவர்ப்புதான் தூக்கலாக நிற்கும்.

அந்தத் துவர்ப்பு குறையே இல்லை. கம்பம் பன்னீர் திராட்சை சாப்பிடுவதற்கானது: பந்தல் நிறையக் காய்க்கும், சாறு அதிகம். ரெட் வைனுக்கென்றே வளர்க்கும் கேபர்னே சாவிஞான் திராட்சையின் பழம் சின்னது, தோல் கெட்டி. தோலும் விதையும் சேர்ந்தே நொதிப்பதால் நிறமும் துவர்ப்பும் வைனில் இறங்குகின்றன. அக்கறையுள்ள சின்னத் தோட்டக்காரர் பிஞ்சிலேயே பாதிக் கொத்துகளை வெட்டித் தள்ளக்கூடத் தயங்க மாட்டார், மிச்சக் கொத்துகள் நன்றாகப் பழுக்கட்டும் என்று. பிரான்ஸில் பர்கண்டி பகுதியின் பேர்போன ரோமனே-கோன்டி வைன் தோட்டம் மொத்தமே நாலரை ஏக்கர்தான். விலை ஏன் கூடுகிறது என்பது இதிலேயே புரியும்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். சுழற்றாமல் ஒருமுறை, சுழற்றி ஒருமுறை முகருங்கள். ஒரு வாய் எடுத்து ஈறு முழுக்கப் படவிட்டு விழுங்குங்கள். துவர்ப்பு சீராகப் பரவி, அடங்கிய பிறகும் பழ ருசி நின்றால் நல்ல வைன். பிஞ்சுக் கொய்யாவைக் கடித்தது போல வாயைச் சுருட்டி, கசப்பு மட்டும் மிஞ்சினால் பழம் பழுக்காமலே பறித்தது.

நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் கார்க்கின் கோளாறு, சரிசெய்ய முடியாது. காடி வாடையும் அப்படியே. லேசான அழுகிய முட்டை வாடை மட்டும் வேறொரு ஜாடிக்கு மாற்றி அரை மணி விட்டால் பெரும்பாலும் போய்விடும். கார்க் மேலே தள்ளியிருந்து கழுத்தில் பிசுபிசுப்பு இருந்தால் பாட்டில் வழியில் எங்கோ வெயிலில் வெந்திருக்கிறது. வாங்கும்போதே இதைப் பாருங்கள். கார் டிக்கியில் வைத்து மலை இறக்காதீர்கள்.

சாப்பாட்டில் மிளகாய்க் காரம் இந்த வைனுக்கு எதிரி, எரிச்சல் இரட்டிப்பாகும். மிளகு தூக்கலாக, கொழுப்போடு வறுத்த மட்டனோ, குமுளிப் பக்கத்து பீஃப் உலர்த்தியதோ (கேரள மாட்டிறைச்சி வறுவல்) அருமையாகச் சேரும், இறைச்சி துவர்ப்பை மழுக்கிவிடும். குடம்புளி மீன்கறி வேண்டாம், வாயில் இரும்பு வாடை தட்டும். மிச்சமிருந்தால் இறுக்க மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.