பாம்பன்காரர் பதில்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் காலையில் ரேடியோ, ராத்திரியில் டிவி என்று பழகிவிட்டது. எல்லா ஊரிலும் இப்படித்தானா?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: பெரும்பாலும் அப்படித்தாம்மா. காலையில் கைக்கும் கண்ணுக்கும் ஓய்வில்லை, காது மட்டும் சும்மா இருக்கிறது. ரேடியோ அதைப் பிடித்துக்கொள்கிறது. வேலை முடிந்து எல்லோரும் உட்காருவது ராத்திரியில்தான். டிவிக்காரர்கள் விளம்பரத்துக்கு அதிக விலை சொல்வதும் அந்த நேரத்துக்குத்தான்.

ஆனால் நம் கரையில் கடிகாரத்தைவிடப் படகுக்குத்தான் அதிகாரம். ராமேசுவரத்தில் காலையில் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிக் கிளம்பும் விசைப்படகு மறுநாள் காலையில்தான் கரை சேரும். அன்று ராத்திரி ரிமோட் பெண்கள் கையில். சீரியலை மாற்றச் சொல்ல ஆளில்லை. மறுநாள் மீனைப் போட்டுவிட்டு வந்த மனுஷன் பகலில் தூங்குவார். டிவி சத்தமில்லாமல் ஓடும். நான் தொழிலுக்குப் போன காலத்தில், வாயசைவை வைத்தே கதையைப் பிடித்துவிடுவாள் என் வீட்டுக்காரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஐபிஎல்லுக்கும் சீரியலுக்கும் நடக்கிற சண்டை தெருவுக்கே கேட்கும்.

அப்போது ரேடியோவுக்கு மதிப்பு வலை கட்டுகிற இடத்தில்தான். பாம்பனில் 2016-இல் தொடங்கிய மீனவர் சமுதாய வானொலி ‘கடல் ஓசை 90.4’ வேப்பங்கிளையில் தொங்கிக்கொண்டிருக்கும். பாட்டு ஓடும்வரை ஊசியும் ஓடும், ஊர்வம்பும் ஓடும். காற்று, அலை பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இரண்டும் நின்றுவிடும்.

கேள்வி: அப்பாவின் பழைய ரேடியோவில் மீடியம் வேவ் பகலில் தெளிவாக இருக்கிறது. ராத்திரியில் இரண்டு மூன்று நிலையங்கள் கலந்து கேட்கின்றனவே?
– வாசகர், மண்டபம்

பதில்: பெட்டிமேல் பழி போடாதீர்கள். பகலில் வெயிலால் வானத்தில் உண்டாகும் மின்னேறிய கீழடுக்கு, மேலே போகும் மீடியம் வேவ் அலையை விழுங்கிவிடும். தரையையும் கடலையும் ஒட்டி வருவதுதான் நமக்குக் கிடைக்கும். உப்புத்தண்ணீர்மேல் அது நெடுந்தூரம் ஓடும். ஒரு காலத்தில் இலங்கை வானொலி பட்டப்பகலிலும் நமக்குப் பக்கத்து வீடாக இருந்தது அதனால்தான். பொழுது சாய்ந்தால் கீழடுக்கு கலைந்துவிடும். மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலையில் தூரத்து நிலையங்களெல்லாம் வந்து இறங்கும். பெட்டியை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். உள்ளே ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் கம்பி எல்லாத் திசையையும் ஒன்றுபோல் பிடிக்காது. ஏதோ ஒரு கோணத்தில் வேண்டாத நிலையம் அமுங்கும்.