முதல் மாடல் ரயில் செட்டுக்கு அனலாக் போதுமா, டிஜிட்டல் வேணுமா?

கேள்வி: நானும் 9 வயசுப் பையனும் சேர்ந்து 6க்கு 4 அடி பலகையில ஹெச்ஓ ஸ்கேல் (நிஜ அளவுல 87ல ஒரு பங்கு) ரயில் செட் போடப் போறோம். அனலாக் கன்ட்ரோலர் போதுமா, இல்ல ஆரம்பத்துலயே டிஜிட்டலுக்குப் போயிடலாமா? பட்ஜெட் கொஞ்சம் டைட்டு.

பதில்:

இந்தக் கேள்விக்கு எல்லாரும் முதல்ல "எத்தனை இன்ஜின் வாங்குவீங்க"ன்னுதான் திருப்பிக் கேப்பாங்க. நான் கேக்கறது வேற, ஒரே நேரத்துல எத்தனை பேர் ஓட்டுவீங்க? பத்து இன்ஜின் வாங்கி ஷெல்ஃப்ல அடுக்கி வச்சு ஒண்ணொண்ணா இறக்கி ஓட்டற தனி ஆளுக்கு டிஜிட்டலால பெரிய லாபம் ஒண்ணும் இல்ல, ஆனா ரெண்டே ரெண்டு இன்ஜினை வச்சுக்கிட்டு அப்பாவும் பையனும் ஒரே ட்ராக்ல ஓட்டணும்னு நிக்கற வீட்டுக்கு அது கண்டிப்பா வேணும். நீங்க ரெண்டாவது கேஸ், அதனால என் ஓட்டு டிஜிட்டலுக்குத்தான். ஏன்னு சொல்றேன், காசை எப்படி சமாளிக்கறதுன்னும் கீழ சொல்றேன்.

அனலாக்ல உங்க கன்ட்ரோல் எல்லாம் தண்டவாளத்து மேலதான், இன்ஜினுக்குன்னு தனியா எதுவும் கிடையாது. கன்ட்ரோலர் ட்ராக்குக்கு 0லேர்ந்து 12 வோல்ட் வரைக்கும் டிசி கரண்ட் அனுப்பும், வோல்டேஜ் ஏத்தினா வேகம் ஏறும், ப்ளஸ் மைனஸ் மாத்தினா ரிவர்ஸ், விஷயம் அவ்வளவுதான். ரொம்ப சிம்பிள், ரிப்பேரும் கம்மி. ஆனா ட்ராக்ல ரெண்டு இன்ஜினை வச்சா ரெண்டும் ஒண்ணா கிளம்பும் ஒண்ணா நிக்கும், ஹெட்லைட்டும் அதே கரண்ட்லேர்ந்துதான் வர்றதால ரயில் ஸ்டேஷன்ல நின்னதும் அதுவும் அணைஞ்சிடும்.

ரெண்டு வட்டம் தனித்தனியா போட்டு ஆளுக்கொரு கன்ட்ரோலர் வச்சுக்கலாமேன்னு தோணும், ஓடும்தான், ஆனா ஒரு வாரம் போனா பையன் "என் ரயில் உங்க லைனுக்கு வரணும்"னு கேப்பான் பாருங்க, அங்கதான் சிக்கல் ஆரம்பிக்கும். நடுவுல பாயின்ட் (ரயிலைத் தடம் மாத்தி விடற துண்டு) போட்டு இணைச்சா அவன் ரயில் உங்க வட்டத்துக்குள்ள வந்த நொடி உங்க கன்ட்ரோலருக்கு அடங்கிடும். ரெண்டு கன்ட்ரோலரும் எதிர் திசையில செட் ஆகியிருந்தா இன்ஜின் சக்கரம் ரெண்டு வட்டத்தையும் ஒண்ணா தொடற இடத்துல ஷார்ட். இதுக்குப் பழைய ஆளுங்க வச்சிருந்த வழி பிளாக் வயரிங். ட்ராக்கைத் துண்டு துண்டாப் பிரிச்சு, மெட்டல் ஜாயினருக்குப் பதிலா பிளாஸ்டிக் ஜாயினர் மாட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சென்டர் ஆஃப் டிபிடிடி சுவிட்ச், அதாவது ரெண்டு கம்பியையும் சேர்த்து மாத்தற, நடுவுல ஆஃப் ஆகற சுவிட்ச். மேல தள்ளினா உங்க கன்ட்ரோலர், கீழ தள்ளினா பையனோடது, நடுவுல விட்டா அந்தத் துண்டுல கரண்டே இல்ல, இன்ஜினை அங்க பார்க் பண்ணிக்கலாம். இதுல ஒரு தனி ருசி இருக்கு, நான் மறுக்கல. பேனல் போட்டு சுவிட்சா தட்டிட்டு உக்காந்தா ஸ்டேஷன் மாஸ்டர் கேபின்ல இருக்கற மாதிரியே இருக்கும். ஆனா ரயில் அடுத்த துண்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஞாபகமா சுவிட்ச் மாத்தணும், 9 வயசுல அந்தப் பொறுமை எங்கேர்ந்து வரும்? சுவிட்ச், வயர், சால்டரிங்னு கூட்டிப் பாத்தா செலவும் ஒண்ணும் சும்மா இல்ல.

டிஜிட்டல்னா நடைமுறையில டிசிசி, அதாவது டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல். ஜெர்மனியோட லென்ஸ் கம்பெனி உருவாக்கின முறையை அமெரிக்காவோட மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ 1990கள்ல ஸ்டாண்டர்டா ஏத்துக்கிச்சு, அதனாலதான் ஒரு கம்பெனி டிகோடர் (இன்ஜினுக்குள்ள மாட்டற குட்டி சர்க்யூட்) இன்னொரு கம்பெனி கன்ட்ரோல் பாக்ஸ்ல ஓடுது. ட்ராக்ல எப்பவும் முழு வோல்டேஜ் இருக்கும், ஹெச்ஓக்கு 14லேர்ந்து 16 வோல்ட் சுமார், ஆனா நேர் டிசி இல்ல, நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை திசை மாறற சதுர அலை. அரை அலை 58 மைக்ரோ செகண்ட் இருந்தா அது 1, 100 மைக்ரோ செகண்டோ அதுக்கு மேலயோ இருந்தா அது 0. கரண்டும் இந்த 1, 0ல எழுதின கட்டளையும் அதே ரெண்டு கம்பியில போகுது, இன்ஜினுக்குள்ள இருக்கற டிகோடர் தன் நம்பருக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கிட்டு மோட்டாரை ஓட்டும். புதுசா வாங்கற இன்ஜின் பெரும்பாலும் 3ன்ற நம்பரோட வரும், ரெண்டாவது இன்ஜினும் அதே 3ல இருந்தா மறுபடியும் ரெண்டும் சேர்ந்து கிளம்பும், அதனால அதைத் தனியா ப்ரோக்ராம் ட்ராக்ல (செட்டிங் மாத்தறதுக்குன்னே இருக்கற ட்ராக்) வச்சு சிவி 1ஐ, அதாவது டிகோடர்ல நம்பரை வச்சிருக்கற செட்டிங்கை, மாத்திடுங்க, ஒரு நிமிஷ வேலை.

எனக்கு டிஜிட்டல்ல உண்மையிலயே பிடிச்சது இதெல்லாம்கூட இல்ல, ஸ்லோ ஸ்பீடுதான். நல்ல டிகோடர் மோட்டாருக்குக் குடுக்கற கரண்டை அப்பப்ப ஒரு கணம் நிறுத்தி, அந்த இடைவெளியில மோட்டார் திருப்பித் தர்ற வோல்டேஜை அளந்து, மேட்டுல வேகம் குறைஞ்சா தானா தள்ளும், இறக்கத்துல ஓடினா பிடிக்கும். சிவி 3, 4ல நம்பர் ஏத்தினா நிஜ ரயில் மாதிரி மெதுவா கிளம்பி மெதுவா நிக்கும். சாதா அனலாக் கன்ட்ரோலர்ல நாபைத் திருப்பத் திருப்ப ஒண்ணும் நடக்காம, திடீர்னு எலி மாதிரி பாயும்.

சரி, காசு. சுமாரான டிகோடர் ஒண்ணு 30, 40 யூரோ வரும், சவுண்ட் டிகோடர்னா 100 தாண்டிடும், முதல் வருஷம் சவுண்ட் பக்கமே போகாதீங்க. ரோகோ ஸ்டார்ட்டர் செட்ல வர்ற வெள்ளை இசட்21 ஸ்டார்ட் கன்ட்ரோல் பாக்ஸ் பாருங்க, கூட வர்ற மல்டிமவுஸ்ன்ற கை கன்ட்ரோலர் பையன் கைக்கு நல்லா அடங்கும், ஆனா போன் ஆப்ல ஓட்டணும்னா அன்லாக் கோட் தனியா வாங்கணும், இதை யாரும் முன்னாடியே சொல்ல மாட்டாங்க. எலக்ட்ரானிக்ஸ்ல கை வச்சுப் பழக்கம் இருந்தா டிசிசி-இஎக்ஸ் பாருங்க, கன்ட்ரோல் பாக்ஸை நாமளே செஞ்சுக்கற வழி, சாஃப்ட்வேர் இலவசம், ஆர்டுயினோ மெகான்ற குட்டி கம்ப்யூட்டர் போர்டு, ட்ராக்குக்குக் கரண்ட் அனுப்பற மோட்டார் ஷீல்டு, ஒரு வைஃபை போர்டு, அடாப்டர், இவ்வளவுதான் சாமான். கன்ட்ரோலருக்கு வீட்ல கெடக்கற ரெண்டு பழைய ஆண்ட்ராய்டு போன்ல இன்ஜின் டிரைவர் ஆப் போட்டா ஆளுக்கொண்ணு ஆச்சு. மோட்டார் ஷீல்டுலேர்ந்து மெகாவுக்குப் போற வின் (Vin, கரண்ட் உள்ள வர்ற பின்) இணைப்பை மட்டும் வெட்டி விடணும், இல்லன்னா ட்ராக் வோல்டேஜ் போர்டுக்குள்ள ஏறிடும்.

அதுக்கும் இப்ப கையில காசு இல்லன்னா ஆறு மாசம் அனலாக்ல ஓட்டுங்க, தப்பே இல்ல, ஆனா ரெண்டு கண்டிஷன். பிளாக் வயரிங்ல ஒரு ரூபா போடாதீங்க, வாங்கற இன்ஜின் டிசிசி ரெடியா இருக்கணும். அதாவது உள்ள 8 பின்னோ 21 பின்னோ ப்ளக்ஸ்22வோ ஏதோ ஒரு சாக்கெட் இருக்கணும், அப்பதான் பின்னாடி மேல்மூடியைக் கழட்டி டிகோடரைச் சொருகினா வேலை முடியும். செகண்ட் ஹேண்ட்ல மலிவாக் கிடைக்குதேன்னு சாக்கெட் இல்லாத ரொம்பப் பழைய இன்ஜின் வாங்கினா பெரும்பாலும் மோட்டாருக்கும் சேஸிஸுக்கும் கரண்ட் இணைப்பு இருக்கும், அதைப் பிரிக்காம டிகோடர் மாட்டினா டிகோடர் காலி. மார்க்லின் ஹெச்ஓ வண்டி கிடைச்சா அதையும் யோசிச்சு வாங்குங்க, அது ட்ராக் நடுவுல கரண்ட் தர்ற குட்டி ஸ்டட் வரிசை வச்ச மூணு தண்டவாள சிஸ்டம், சக்கரத்துல இன்சுலேஷன் கிடையாது, நம்ம ரெண்டு தண்டவாள ட்ராக்ல வச்ச உடனே ஷார்ட்.

டிஜிட்டலுக்கு மாறும்போது பழைய கன்ட்ரோலரை ட்ராக்லேர்ந்து முழுசாக் கழட்டிடுங்க, ரெண்டும் ஒண்ணா ட்ராக்ல இருந்தா ஏதாவது ஒண்ணு புகையும். அனலாக் செட்டோட வர்ற கரண்ட் கனெக்ஷன் ட்ராக் சிலதுல அடியில ஒரு குட்டி கெப்பாசிட்டர் இருக்கும், டிவி, ரேடியோ இரைச்சலைத் தடுக்க வச்சது, அது டிசிசி சிக்னலைக் கெடுக்கும், வெட்டி எடுத்துடுங்க. டிகோடர் இல்லாத இன்ஜினை டிசிசி ட்ராக்ல சும்மாகூட நிறுத்தாதீங்க, ஙொய்னு சத்தம் போட்டுக்கிட்டே சூடாகும், கோர்லெஸ் (சுத்தற சுருளுக்குள்ள இரும்பு இல்லாத) மோட்டார்னா சீக்கிரமே எரிஞ்சிடும்.

நம்ம வீட்டுத் தூசிக்கு ட்ராக் துடைக்கறது ரெண்டு முறைக்கும் உண்டு, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் துணியும் போதும். உப்புத்தாள் போட்டுத் தேச்சா கீறல்ல அழுக்கு இன்னும் சேரும்.

டிகோடர் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி இன்ஜின் அட்டைப்பெட்டியில இருக்கற சாக்கெட் பேரைப் பாருங்க, 8 பின் சாக்கெட்டுக்கு ப்ளக்ஸ்22 டிகோடர் சேராது.